அனாமத்துக் கணக்கு

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம். கரண்ட் போனாலும் சரி, கிரிக்கெட் ஃபைனல் ஓடினாலும் சரி, எட்டரைன்னா எட்டரை. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அப்புறம் சின்னவரிலிருந்து பெரியவர் வரை ஆளுக்கொரு ஜெபம். தங்கை ஆரம்பிப்பாள், அடுத்து நான், பிறகு அம்மா, கடைசியில் அப்பா முடிப்பார். இருபது வருஷமாக இதுதான்.

2025 ஜூலை மாதம் முழுக்க என் முறை வரும்போதெல்லாம் நான் சும்மா இருந்தேன். முதல் நாள் எல்லோரும் காத்திருந்தார்கள். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது நாள் அம்மா காத்திருக்கவே இல்லை.

"யாழ்ப்பாணம் போய்ட்டு வந்ததிலிருந்து ஒரு மாதிரி இருக்கியேடா"ன்னு கிளாஸில் நாலு பேராவது கேட்டாச்சு. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

முதலில் நான் எப்படிக் கிறிஸ்தவன் ஆனேன் என்று சொல்லணும். ரொம்ப சுலபம். பிறந்தேன், ஆகிவிட்டேன். பி.காம் பாஷையில் சொன்னால் ஓப்பனிங் பேலன்ஸ். போன வருஷத்துக் கணக்கிலிருந்து அப்படியே கொண்டுவந்து முதல் வரியில் எழுதுவோம் இல்லையா, அது எப்படி வந்ததுன்னு யாரும் கேட்பதில்லை. தாத்தாவின் தாத்தா காலத்தில் யாரோ ஒரு உபதேசியார் ஊருக்கு வந்தார், அவர் நம்பினார், அது எனக்கு வந்து சேர்ந்தது. கூடவே சேர்ந்து வந்தவை: அசன விழா சாப்பாடு, கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி, ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசாக டிபன் பாக்ஸ், யார் வீட்டில் பெண் எடுக்கலாம் யார் வீட்டில் எடுக்கக் கூடாது என்ற லிஸ்ட். (கடைசியாகச் சொன்னது எந்த அதிகாரத்தில் இருக்கிறதுன்னு நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

எங்கள் பக்கத்தில் ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு ராக்லண்ட் கதை தெரியும். 1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்த வெள்ளைக்காரர். கேம்பிரிட்ஜில் கணக்கில் அந்த வருஷம் நாலாவதாகத் தேறியவர். சென்னையில் மிஷன் செயலாளராக நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அதை விட்டுவிட்டு 1854-ல் இரண்டு கூட்டாளிகளோடு வடதிருநெல்வேலிப் பக்கம் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். வடதிருநெல்வேலி என்றால் எங்கள் சீமைதான், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம். உடம்பு ஏற்கெனவே நுரையீரல் நோயில் போய்க்கொண்டிருந்தது. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்துபோனார். வயது 43.

ஏழாவது படிக்கும்போது நான் கேட்டேன், "இவ்வளவு கணக்குப் படிச்சவர் எதுக்கு இங்க வெயில்ல வந்து சாகணும்?" டீச்சர், "விசுவாசம் இருந்தா இப்படிக் கேள்வி வராது" என்றார். அதோடு அந்த வயசுக் கேள்விகள் முடிந்தன. நல்ல டீச்சர்தான், டிபன் பாக்ஸ் கொடுத்ததும் அவர்தான்.

அடுத்த கேள்வி காலேஜில் வந்தது. என் நண்பன் ஒருத்தன் ராஜு வீட்டுப் பையன். ராஜபாளையத்துக்காரர்களுக்குத் தெரியும், அவர்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். ஒருநாள் இரண்டு பேரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அவனுக்கு ஆண்டாள் கோவில், எனக்குப் பால்கோவா. அவன் சாமி கும்பிட்டு வரும்வரை நான் வெளியில் நின்று அந்தப் பதினோரு நிலை கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவன், பால்கோவாவில் பாதியைப் பிடுங்கித் தின்றுகொண்டே சாதாரணமாகக் கேட்டான். "ஏன்டா, நீ எங்க வீட்ல பொறந்திருந்தா யாரைக் கும்பிடுவ?"

நான் முழித்தேன். உண்மையான பதில் எனக்குத் தெரியும். "ஆண்டாளை." அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவன் என்னை மடக்கக் கேட்கவில்லை. அவனுக்கும் அதே பிரச்சினைதான் என்று பிறகு சொன்னான். ஆனால் அவனிடம் ஒரு கதை இருந்தது. இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பெரியாழ்வார் தினமும் பெருமாளுக்கு மாலை கட்டுவார். அவர் துளசிச் செடிக்குக் கீழே கண்டெடுத்து வளர்த்த பெண், அந்த மாலையைக் கொண்டுபோய்ச் சாத்துவதற்கு முன்னால் ரகசியமாகத் தான் போட்டுக் கண்ணாடியில்... கிணற்றில் என்றும் சொல்வார்கள்... பார்த்துக்கொள்வாள். அப்பா ஒருநாள் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். வேறு மாலை கட்டினார். பெருமாளோ அவள் போட்டுக் கழற்றியதுதான் வேண்டும் என்றார். "அப்பா கட்டினத அப்படியே கொண்டுபோய்க் குடுத்திருந்தா அவ பேரு யாருக்குடா தெரிஞ்சிருக்கும்? போட்டுப் பாத்தா பாரு, அதுல இருக்கு" என்றான். இன்றைக்கும் அவள் மாலை இங்கிருந்து திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. கிருஷ்ணதேவராயரே இந்தக் கதையைத் தெலுங்கில் காவியமாக எழுதினார் என்று அவன் பெருமையோடு சேர்த்துக்கொண்டான். தெலுங்கு என்றால் விடமாட்டான்.

ஞாயிறு பள்ளியில் பதினஞ்சு வருஷம் படித்த எனக்கு, என் விசுவாசத்தைப் பற்றி யோசிக்க ஒரு வைஷ்ணவப் பையன் சொன்ன கதை தேவைப்பட்டது. வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெரியாழ்வாரை விட அதிகமாகப் பதறியிருப்பார்கள்.

இந்தக் குழப்பத்தோடு இருந்தபோதுதான் யாழ்ப்பாணம் போகும் வாய்ப்பு வந்தது. ஒரு சின்னக் குழு கோடை விடுமுறையில் ஊழியத்துக்கு ஆள் சேர்த்தது. இரண்டாம் வருஷப் பரீட்சை முடித்த கையோடு பேர் கொடுத்தேன். நிஜக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்தால் ஊழியத்துக்குப் போ, சரியாகிவிடும் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டிருந்தேன். அது பாதி. மீதிப் பாதி, அதுவரை நான் விமானம் ஏறியதில்லை.

சென்னையிலிருந்து பலாலி ஒன்றரை மணி நேரத்துக்குள். சின்ன விமானம். ராஜபாளையத்திலிருந்து மதுரை போவதைவிடச் சீக்கிரமாக வெளிநாடு வந்துவிட்டது. இறங்கினால் பனைமரம், செம்மண், தமிழ் போர்டு. வெளிநாட்டுக்கு வந்த மாதிரியே இல்லையே என்று கொஞ்சம் ஏமாற்றம்.

அங்கே பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதியில் எனக்கு வேலை. ஏ-லெவல் வணிகப்பிரிவு மாணவர்களுக்குக் கணக்கியல் சொல்லிக் கொடுக்கணும். தமிழ்தானே, நம்ம பாடம்தானே என்று தெம்பாகப் போனேன். முதல் நாளே அடி. நம் பாடப்புத்தகத்தில் டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. அங்கே டெபிட்தான் வரவு! கிரெடிட் செலவு. நான் "ரொக்கம் வந்தா பற்று எழுதணும்" என்கிறேன், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். இருப்பாய்வு என்று நான் சொல்வது அவர்களுக்குப் பரீட்சை மீதி. இரண்டு பக்கமும் கூட்டல் சரியாக வராவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாக ஒரு கணக்கில் போட்டு வைப்போமே, சஸ்பென்ஸ் அக்கவுண்ட், நமக்கு அது அனாமத்துக் கணக்கு. அவர்கள் அதைத் தொங்கல் கணக்கு என்றார்கள். முதல் வாரம் முழுக்க நான்தான் மாணவன். உதவி செய்யப் போனவன் நிலைமை அப்படி.

விடுதிச் சமையலறையில் ஒரு வயதான அம்மா இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் அம்மம்மா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எழுபத்தெட்டு வயசு. சம்பளத்துக்கு வேலை செய்பவர் இல்லை, சும்மா வந்து தேங்காய் திருவிக் கொடுப்பார், பிள்ளைகளை அதட்டுவார், சாயந்தரம் போய்விடுவார். அவரும் என்னைப்போல் பிறவிக் கிறிஸ்தவர், ஆனால் என்னைவிட நாலைந்து தலைமுறை பழையவர். அந்தப் பக்கம் அமெரிக்க மிஷன் வந்தது 1816-ல்.

இரண்டாவது வாரம் அவர் என்னிடம் வந்தார். "தம்பி, என்ர பிள்ளைக்காக ஒருக்கா ஜெபம் பண்ணிவிடுங்கோ" என்றார். இரண்டாவது மகன். 1996 ஜூலையில் சைக்கிளில் டவுனுக்குப் போனவன், வயது பத்தொன்பது. திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை.

1995 கடைசியில் ராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. அடுத்த வருஷம் நூற்றுக்கணக்கானவர்கள் இப்படிக் காணாமல் போனார்கள். 1996 செப்டம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய கிருஷாந்தி குமாரசுவாமி என்ற மாணவியைச் செம்மணிச் சோதனைச்சாவடியில் பிடித்துக் கொன்றார்கள். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட சிப்பாய் ஒருவன்தான் 1998-ல் கோர்ட்டில், செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்களைப் புதைத்திருக்கிறோம் என்று சொன்னவன். 1999-ல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. அப்புறம் எல்லாம் அமைதியாகிவிட்டது. நான் போய் இறங்கிய அதே 2025 மே மாதம், செம்மணியில் வேறொரு இடத்தில், சுடுகாட்டில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வந்து, கோர்ட் உத்தரவின்பேரில் முறையாகத் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். இதெல்லாம் அம்மம்மா என்னிடம் வந்தபோது எனக்குத் தெரியாது. பேப்பர்கூடப் படிக்காமல் போயிருந்தேன்.

நான் ஜெபம் பண்ணினேன். எப்படிப் பண்ணினேன் தெரியுமா? கன்வென்ஷன் மேடையில் பேசுகிறவர்கள் மாதிரி. எனக்கு அது நன்றாக வரும், சின்ன வயசிலிருந்தே பாராட்டு வாங்கியிருக்கிறேன். மகன் பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கண்ணீரைத் துடையும் என்றேன். இழந்ததைத் திரும்பத் தருவீர் என்றேன். குரல் தானாக உயர்ந்தது. "இந்தத் தாயின் மகனைச் சீக்கிரமாய் வீட்டுக்குக் கொண்டுவருவீர் என்று விசுவாசித்து நன்றி சொல்கிறோம்" என்று முடித்தேன். இருபத்தொன்பது வருஷம் ஆன பிறகு! அம்மம்மா "ஆமென்" என்றார். எனக்கு ஊழியம் செய்த திருப்தி. அன்றிரவு டைரியில் எழுதிவைத்தேன்கூட. அந்தப் பக்கத்தைப் பிறகு கிழித்துவிட்டேன்.

நாலு நாளில் விடுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த தம்பி அம்மம்மாவின் மகனுக்காக ஜெபம் பண்ணினார் என்று. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வந்து தன் அண்ணனுக்காகவும் கேட்டார். அப்போதுதான் எனக்கு முதல்முறையாக வயிற்றைக் கலக்கியது.

விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஒருநாள் மாலை கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பூகோளம் கேட்டார்.

"உமக்குத் தொண்டி தெரியுமோ?"

"கேள்விப்பட்டிருக்கேன் சார். ராமநாதபுரம் பக்கம்."

"எங்கட ஆக்கள் அங்க ஊழியத்துக்குப் போனவை. நூற்றிருபது வருஷம் இருக்கும்."

"இங்க இருந்து இந்தியாவுக்கா?"

"ஓம். ஏன், மதுரையில அமெரிக்க மிஷன் துவங்கினதே இங்க இருந்து போன ஆக்களாலதான். 1834-ல."

நான் வாயடைத்துப்போனேன். நாங்கள் அனுப்புகிறவர்கள், இவர்கள் வாங்கிக்கொள்கிறவர்கள் என்றுதான் மனசுக்குள் இருந்திருக்கிறது. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிறகுதான் மாஸ்டர் விஷயத்துக்கு வந்தார். "இங்க நிறைய ஆக்கள் வருவினம் தம்பி. ஜெபிப்பினம், படம் எடுப்பினம், போவினம். பிழை எண்டு சொல்ல வரேல்லை. ஆனா அந்த மனிசிக்கு ஆமிக்காரனும் வருவான் எண்டுதான் சொன்னவன். சாத்திரம் பாக்கிறவனும் வருவான் எண்டுதான் சொன்னவன். இப்ப நீரும் சொல்லிப்போட்டீர்."

அவ்வளவுதான். எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கடவுள் இருக்கிறாரா என்ற பெரிய கேள்வியெல்லாம் இல்லை. என் வாயிலிருந்து வந்த வார்த்தை யாருடையது என்ற கேள்விதான். என்னுடையது இல்லை, அது நிச்சயம். கன்வென்ஷன் பிரசங்கியாருடையது, அப்பாவுடையது, கேட்டுக் கேட்டுப் பழகியது. நல்லதே நடக்கும் என்பதைத் தவிர வேறெதையும் கடவுளிடம் பேச எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சங்கீதத்தில் 23 மனப்பாடம், 91 மனப்பாடம், 121 மனப்பாடம். அன்றைக்குப் புரட்டிக்கொண்டே போனபோது 88-ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. மற்றப் புலம்பல்களில் எல்லாம் கடைசியிலாவது ஒரு விடிவு வரும். இதில் வரவில்லை, இருட்டிலேயே முடிகிறது. இது இத்தனை நாளும் நான் கையில் வைத்திருந்த அதே புத்தகத்தில்தான் இருந்திருக்கிறது. இதற்கு டிபன் பாக்ஸ் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் காலை சமையலறைக்குப் போனேன். அம்மம்மா திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். "அம்மம்மா, அன்னைக்கு நான் சொன்னது... எனக்குத் தெரியாது. ஆண்டவர் எனக்கு எதுவும் சொல்லலை. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் கையை நிறுத்தவில்லை. "அது எனக்குத் தெரியும் தம்பி."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னனான்? ஒரு பெடியன் கடல் தாண்டி வந்து என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லி ஜெபிச்சவன் எண்டு சொன்னனான். அவன்ர பேரை இப்ப வேற ஆர் சொல்லினம்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் பாதித் தேங்காயைக் கீழே வைத்தார். "தெரியாட்டி, தெரியாது எண்டு சொல்லி ஒருக்கா ஜெபம் பண்ணுங்கோ" என்றார்.

முயற்சி செய்தேன். "ஆண்டவரே" வரைக்கும் வந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. மேடை மேடையாகப் பேசினவனுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார். கண்ணை மூடவில்லை, தேங்காயையும் மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது மாதிரி ஒரு குரல். பழைய வழக்கு, இரண்டு பேருக்கும் விவரம் தெரியும் என்பது போல. முழுசாக எனக்கு ஞாபகமில்லை, அவர் பேச்சும் வேகம். ஆனால் ஒரு இடம் மட்டும் அப்படியே நிற்கிறது. "உம்மட பிள்ளையின்ர உடம்பையாவது தாயிட்டக் குடுத்தவை. எனக்கு அதுவும் இல்லை" என்றார். கடைசியில் ஆமென்கூடச் சொல்லவில்லை. "சரி, நாளைக்குக் கதைப்பம்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?" என்றார்.

தினமும் இப்படித்தான் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

அதுவரைக்கும் விசுவாசம் என்றால் சந்தேகம் இல்லாமல் இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இந்தம்மாவுக்குச் சந்தேகம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபம் இருந்தது. கணக்குக் கேட்பது இருந்தது. இருபத்தொன்பது வருஷமாக ஒருநாளும் பேச்சை நிறுத்தாமல் இருந்தார். எனக்குத் தெரிந்த எந்தக் கன்வென்ஷனிலும் இவரை மேடை ஏற்றமாட்டார்கள்.

மீதி நாட்களில் நான் ஜெபக்கூட்டம் எதுவும் நடத்தவில்லை. கணக்கியல் சொல்லிக் கொடுத்தேன், தேங்காய் உரித்தேன், மோட்டார் ரிப்பேரானபோது தண்ணீர் இறைத்தேன். தொங்கல் கணக்குப் பாடத்தை நடத்தும்போது ஒரு பெண் கேட்டாள், "பிழை கண்டுபிடிக்கேலாட்டி எவ்வளவு நாள் சேர் இதைத் தொங்கவிடலாம்?" புத்தகத்தில் பதில் இருக்கிறது. சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஜூன் கடைசியில் ஊருக்கு வந்தேன். காலேஜ் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே ஓட்டை. ஒரு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகத்துக்குப் போனேன். 1875-ல் ஆரம்பித்த நூலகம், மழைநாளில் போய் உட்கார அருமையான இடம். (ராஜபாளையத்துக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.) மாஸ்டர் சொன்ன தொண்டி விஷயம் மனசில் இருந்தது. அன்றைக்கும் அதற்குப் பிறகும் அங்கும் இங்கும் தேடிப் படித்ததில் அசரியா வந்து நின்றார்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அப்பா குருவானவர், ஆக இவரும் நம்மைப்போல் ஓப்பனிங் பேலன்ஸ் கேஸ். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணக்குப் படித்தார், டிகிரி வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை. 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு, தங்கள் ஆட்களைத் தொண்டிக்கு அனுப்புவதைப் பார்த்தார். மாஸ்டர் என்னிடம் சொன்ன அதே தொண்டி! திருநெல்வேலியில் இவ்வளவு கிறிஸ்தவர்கள் இருக்கிறோம், எல்லாவற்றையும் வெள்ளைக்காரர் கையிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்கிறோமே என்று அவருக்கு உறைத்தது. அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பமானது. ஆள், காசு எல்லாம் நம் ஊரிலிருந்தே. அனுப்பியது நிஜாம் ராஜ்ஜியத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்கு. அன்றைக்கு அதுவும் கிட்டத்தட்ட வெளிநாடுதான், பாஷை தெலுங்கு. 1909-ல் அசரியா தானே அங்கே போய்விட்டார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தோர்ணக்கல்லில் அவர் கட்டிய பேராலயத்தில் கோவில் தூணும் மசூதிக் கட்டடக்கலையும் கலந்திருக்கும். 1945 புத்தாண்டு அன்று அங்கேயே இறந்தார். தமிழர் தெலுங்கு தேசத்துக்குப் போனார் என்று என் ராஜு நண்பனிடம் சொன்னேன், "இப்பவாவது ஒத்துக்கிட்டியா?" என்றான். எதை என்று தெரியவில்லை.

ஆனால் எனக்கு மனசில் தைத்தது வேறு. 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. அதில் இந்த முப்பத்தைந்து வயசுத் தமிழர் எழுந்து, வெள்ளைக்கார மிஷனரிகள் முகத்துக்கு நேரே, நீங்கள் உயிரையும் பொருளையும் கொடுக்கிறீர்கள், ஆனால் எங்களோடு சிநேகமாக இருக்கத் தெரியவில்லையே என்ற பொருளில் பேசினார். சபையில் பலருக்கு அது கசந்தது. அதைப் படித்தபோது நான் உட்கார்ந்திருந்தது கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் வரிசையில். மாஸ்டர் கிணற்றடியில் சொன்னதும் அதுதானே.

ராக்லண்டைப் பற்றியும் கொஞ்சம் யோசித்தேன். ஏழாவதில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவரும் தன் ஊரில் படித்த கணக்கை வைத்துக்கொண்டு வந்து, இங்கே டெபிட்டுக்கு என்ன பெயர் என்று முதலிலிருந்து கற்றிருப்பார் என்று தோன்றியது.

இப்போது அப்பாவிடம் வரலாம். அப்பா சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணித் தறிக்காரரிடம் கணக்கு எழுதுகிறார். அதிகம் பேசமாட்டார். ஜூலை முழுக்க என் மௌனத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மாதக் கடைசியில் ஒருநாள் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "ஜெபம் பண்ண முடியலையா, பண்ணப் பிடிக்கலையா?"

முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆண்டாள் கதை உட்பட. பதறுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார், "உங்க தாத்தா போனப்ப நானும் ஒரு வருஷம் பண்ணலை."

"தினமும் நீங்கதானேப்பா முடிப்பீங்க?"

"வாய் அசையும். ஆமென் மட்டும் சத்தமாச் சொல்லிட்டா யாருக்குத் தெரியப்போகுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இவ்வளவு வருஷமும் எனக்கு இவரிடமிருந்து வந்தது முழுப் பேரேடும் இல்லை, கூட்டுத்தொகை மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது.

ஆகஸ்ட் 5-ம் தேதி செம்மணியில் தோண்டி எடுத்த துணிமணிகளையும் பொருட்களையும் ஜனங்கள் வந்து பார்த்து அடையாளம் சொல்வதற்காகக் காட்சிக்கு வைத்தார்கள். அதற்குள் ஒரு குழந்தையின் பள்ளிக்கூடப் பை வரைக்கும் கிடைத்திருந்தது. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் எண்ணிக்கை 240 எலும்புக்கூடுகளுக்கு வந்துவிட்டது. அன்று மாலை மாஸ்டரின் போனிலிருந்து அழைப்பு. அம்மம்மா பேசினார்.

"தம்பி, போய்ப் பாத்தனான். அவனுக்கு நான் வாங்கிக் குடுத்த ஒரு பெல்ட் இருக்குது, பிறவுன் கலர். அது கிடக்குதோ எண்டுதான் பாத்தனான். இல்லை."

கிடைக்காதது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. "அம்மம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"சோதனை எப்ப உங்களுக்கு?" என்றார். நவம்பரில் என்றேன். "வடிவாப் படியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கும் எட்டரைக்குப் பாட்டு, அதிகாரம். தங்கை முடித்தாள். அம்மா எனக்காகக் காத்திருக்காமல் வாயைத் திறந்துவிட்டார், அதற்குள் நான் ஆரம்பித்தேன். மகன் பேரைச் சொன்னேன். அம்மம்மா இன்னைக்குப் போய்ப் பாத்தாங்க, பெல்ட் கிடைக்கலை என்றேன். உம்மிடம் என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியலை என்றேன். அதோடு நின்றுவிட்டது. ஆமென் சொல்லவில்லை. தங்கை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது தெரிந்தது, நானும் திறந்துதான் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஆரம்பித்தார், வழக்கம்போல முதலில் மழைக்காக.